பெயரை எழுதிவிட்டுப் பேயை எழுதுங்கள்

பார்க், கொங்கோடியா, எஸ்கடேல், கோட்லோட்ஜ் தோட்டங்களிலிருந்தும், கந்தப்பளை டவுனைச் சுற்றிய லீக்ஸ், கரட் பாத்திகளுக்கு நடுவிலிருந்தும் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளே,

சென்ற மாதம் உங்களில் ஏழு பேர் அட்டை கழன்ற ஒரு புத்தகத்தோடு என் வீட்டுக்கு வந்தீர்கள். ரான்சம் ரிக்ஸ் எழுதிய 'மிஸ் பெரகிரின்ஸ் ஹோம் ஃபார் பெக்யூலியர் சில்ட்ரன்'. ஒருவர் வாசித்து மற்றவருக்குக் கொடுத்து, ஏழு பேரும் முடித்திருந்தீர்கள். இங்கிலீஷ் புரியாத இடங்களில் படத்தைப் பார்த்துக் கதையைப் பிடித்துக்கொண்டோம் என்றீர்கள். எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? முப்பது வருடம் தமிழ் படிப்பித்தவளுக்கு, பரீட்சைக்கில்லாத ஒரு புத்தகத்தைப் பிள்ளைகள் கிழியும்வரை வாசித்திருப்பதைப் பார்ப்பதைவிட வேறென்ன வேண்டும்?

"டீச்சர், இதே மாதிரி எங்க தோட்டத்த வச்சி ஒரு பேய்க்கதை எழுதப்போறோம், நீங்கதான் திருத்தித் தரணும்" என்று கேட்டீர்கள். சரி என்றேன். பிறகு, கதைக்குச் சேர்த்து வைத்திருந்த படங்களைப் போனில் ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினீர்கள். அதன் பிறகு நான் அதிகம் பேசவில்லை. தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டேன். அன்று சொல்லாமல் விட்டதைத்தான் இப்போது எழுதுகிறேன். அந்த ஏழு பேருக்கு மட்டும் சொன்னால் போதாது என்று தோன்றியதால் உங்கள் எல்லாருக்குமாக எழுதுகிறேன்.

அந்தப் படங்களில் பாதி, நீங்கள் இரண்டு வரி சொல்ல ஏஐ வரைந்து கொடுத்தவை. பழைய படம்போலப் பழுப்பேறி, மூலை மடங்கி, மேலே கீறல் விழுந்து, பார்க்க அசலாகத்தான் இருந்தன. ஒரு படத்தில் ஒரு பெண் கொழுந்துக் கூடையைக் கைப்பைபோலத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றாள். தலையில் கயிறு இல்லை. இடுப்பில் படங்கு இல்லை. மழைக்காலத்து மலையில் நிற்கிறாள், கொங்காணியும் இல்லை. அதையெல்லாம் திருத்திவிடலாம் டீச்சர் என்று ஒரு பிள்ளை சொன்னாள். திருத்தலாம் மகள். ஆனால் அந்த முகத்துக்கு அம்மா இல்லையே. அது விடியற்காலையில் பெரட்டுக்கு ஓடிய முகமில்லை. பிள்ளைக் காம்பராவில் பால்குடிப் பிள்ளையை விட்டுவிட்டு மலையேறிய முகமில்லை. அப்படி ஒருத்தி இந்த மண்ணில் நடந்ததே இல்லை.

மற்றப் பாதி, வெள்ளைக்காரர் காலத்துத் தபாலட்டைகள். 'தமிழ்க் கூலி', 'கொழுந்து கிள்ளும் பெண்' என்று கீழே அச்சிட்டவை. அவற்றுக்கு அம்மா உண்டு, ஊர் உண்டு. பெயர்தான் இல்லை. நீங்களும் அதே தலைப்பை அப்படியே விட்டு, கண்ணை மட்டும் வெள்ளையாக்கி, பேயாக்கி வைத்திருந்தீர்கள். நூறு வருடத்துக்கு முன் ஒருத்தியை நிற்க வைத்துப் படம் பிடித்து, பெயர் கேட்காமல் விற்றார்கள். இன்று அவளுடைய கொள்ளுப்பேத்தியாக இருக்கக்கூடிய ஒரு பிள்ளை, பெயர் கேட்காமலே அவளைப் பேயாக்குகிறாள். எனக்கு வலித்தது இதுதான்.

ரிக்ஸ் என்ன செய்தார் என்பதைக் கொஞ்சம் நிதானமாக யோசித்துப் பாருங்கள். அமெரிக்காவில் பழைய சாமான் விற்கும் சந்தைகளில் பழைய படங்கள் பெட்டி பெட்டியாகக் கிடக்கும். வீட்டு மூத்தவர்கள் இறந்த பிறகு, யாருக்கும் அடையாளம் தெரியாமல் ஒதுக்கப்பட்ட படங்கள். அவற்றில் விசித்திரமானவற்றை அவர் பொறுக்கினார். சேகரித்து வைத்திருந்தவர்களிடம் இரவலும் வாங்கினார். முதலில் வெறும் படத்தொகுப்பாகப் போடத்தான் நினைத்திருந்தார். இந்தப் படங்களைப் பிடித்துக்கொண்டு ஒரு கதை சொல்லுங்களேன் என்று பதிப்பகத்தில் சொன்னதால் நாவல் பிறந்தது. 2011இல் புத்தகம் வந்தது, 2016இல் டிம் பர்ட்டன் அதைப் படமாக எடுத்தார். நிலத்தில் கால் படாமல் நிற்கிற சிறுமியும், பாறாங்கல்லைத் தூக்குகிற பிள்ளையும் நீங்கள் நினைத்ததுபோலக் கணினியில் செய்தவை அல்ல. பெரும்பாலும் கைபடாத அசல் படங்கள். எப்போதோ வாழ்ந்த யாரோ ஒரு பிள்ளை, எங்கோ ஒரு கமராவுக்கு முன்னால் உண்மையாகவே நின்றிருக்கிறது. உங்களுக்கு முதுகு சிலிர்த்ததற்கு அதுதான் காரணம். பொய்ப் படத்துக்கு அந்தச் சிலிர்ப்பு வராது, எவ்வளவு கீறல் போட்டாலும் வராது.

அவர் 2012இல் 'டோக்கிங் பிக்சர்ஸ்' என்று இன்னொரு புத்தகமும் போட்டார். அதில் முழுக்க, படத்தின் முன்பக்கத்திலோ பின்பக்கத்திலோ யாராவது ஏதாவது எழுதிவைத்த பழைய படங்கள். பின்னால் ஒரு வரி இருந்தால் ஊமைப் படமும் வாய் திறக்கும் என்று அந்த மனிதருக்குத் தெரிந்திருந்தது. ஆனால் அவர் கைக்கு வந்த படங்களில் அந்த ஒரு வரி பெரும்பாலும் இல்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள ஆளும் இல்லை. அதனால் கற்பனை செய்தார். அவருக்கு வேறு வழி இருக்கவில்லை.

உங்களுக்கு இருக்கிறது. உங்கள் வீட்டு ட்ரங்குப் பெட்டிக்குள் படம் இருக்கிறது, அடுப்படியில் அதற்குப் பெயர் சொல்லக்கூடிய ஒரு கிழவி இருக்கிறாள். ரிக்ஸுக்குக் கிடைக்காத இரண்டும் ஒரே கூரைக்குக் கீழ் இருக்கின்றன. எத்தனை நாளைக்கு இருக்கும்?

என் வீட்டுக் கதையைச் சொல்கிறேன். இதை நான் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

எங்கள் காம்பராவில், சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் கண்ணாடி போட்ட ஒரு குடும்பப் படம் தொங்கியது. நுவரெலியாவில் ஒரு ஸ்டூடியோவில் எடுத்தது. பின்னால் கடலும் தென்னைமரமும் வரைந்த திரை. முன்னால் தாத்தாவும் அப்பாயியும் நாற்காலியில் இருக்கிறார்கள். கீழே பாயில் மூன்று பிள்ளைகள், அதில் நடுவில் இருப்பது என் அப்பா. தாத்தாவுக்குப் பின்னால் ஒரு ஆள் நிற்கிறார். கோட்டுப் போட்ட உடம்பு இருக்கிறது. தாத்தாவின் தோளில் வைத்த கை இருக்கிறது. கழுத்துக்கு மேல் ஒன்றும் இல்லை. தலை இருக்க வேண்டிய இடத்தில் சதுரமாக ஒரு ஓட்டை. அதன் வழியாகப் பின்னாலிருந்த பலகை தெரியும்.

நாங்கள் சின்னப் பிள்ளைகள் அந்தப் படத்தைத் தலைவெட்டி முனி என்றுதான் சொல்வோம். இரவில் ஒன்றுக்குப் போக எழும்பினால் கண்ணை மூடிக்கொண்டு சுவரைத் தடவித்தான் போவோம். பனி இறங்கிய இரவுகளில் தலையைத் தேடிக்கொண்டு இஸ்தோப்பில் நடக்கிறது என்று என் அண்ணன் சொல்லுவான். லயத்துத் தகரம் குளிரில் சடசடக்கும், எங்களுக்கு அது அதன் காலடி. உங்கள் நாவலில் அந்த நீண்ட நாக்குப் பூதங்கள் வருகிற இடத்தை வாசித்தபோது எனக்குப் பெரிதாகப் பயம் வரவில்லை. நான் வளர்ந்தது அந்த ஓட்டைக்குக் கீழே.

ஒரு நாள், எனக்கு ஒன்பதோ பத்தோ வயது, துணிந்து அப்பாயியிடம் கேட்டுவிட்டேன். "யாரு அப்பாயி அந்த முனி?" அப்பாயி கையில் இருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "முனியா? அடி கூறுகெட்டவளே, அது ஒன் பெரிய தாத்தாடி. ஊருக்குப் போனவுக." அவர் தாத்தாவின் அண்ணன். இந்தியாவுக்குப் போக எழுதிக் கொடுத்தபோது விண்ணப்பத்துக்குப் படம் கேட்டிருக்கிறார்கள். இன்னொரு தடவை ஸ்டூடியோவுக்குப் போகக் காசில்லை. இருந்த ஒரே படத்திலிருந்து தன் தலையைத் தானே கத்தரித்து எடுத்துக்கொண்டு போனாராம். தலை கடல் தாண்டிப் போய்விட்டது. உடம்பு கந்தப்பளையில், தம்பி தோளில் கை வைத்தபடி நின்றுவிட்டது.

அதற்குப் பிறகு எனக்குப் பயம் போய்விட்டது. வேறொன்று வந்தது, அதற்குப் பெயர் சொல்ல எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.

அவர் பெயரைக் கேட்டேன். அப்பாயி சொல்லவில்லை. புருஷன் பேரையும் மூத்தார் பேரையும் வாயால் சொல்லக்கூடாது என்று வளர்ந்தவள். சிரித்துக்கொண்டே கோயில் பக்கம் கையைக் காட்டி, "அந்தச் சாமி பேருதான்" என்றாள். எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் முருகனும் உண்டு, மதுரை வீரனும் உண்டு, வெளியே முனியாண்டியும் உண்டு. எந்தச் சாமி என்று நான் திருப்பிக் கேட்கவில்லை. விளையாடப் போய்விட்டேன். தாத்தா அதற்கு முன்பே காலமாகிவிட்டார். அப்பாயியும் சில வருடத்தில் போனாள். அப்பாவுக்கு அவர் 'பெரியப்பா' மட்டுமே. ஊருக்குப் போன இடத்திலிருந்து முதலில் கடிதம் வந்ததாம், பிறகு நின்றுவிட்டதாம். கடிதங்களை லயத்துக் கறையான் தின்றுவிட்டது. ஒரு மனிதரின் பெயர் எனக்கு ஒரு கேள்வி தூரத்தில் இருந்தது. நான் கேட்கவில்லை.

இது என் வீட்டில் மட்டும் நடந்ததில்லை. 1948இல் குடியுரிமையைப் பறித்தார்கள். 1964 ஒக்டோபர் 30இல் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டு 5,25,000 பேர் அங்கே, 3,00,000 பேர் இங்கே என்று பிரித்தார்கள். மிச்சம் வைத்த 1,50,000 பேரை 1974இல் பாதிப் பாதியாகப் பங்கு போட்டார்கள். கணக்குப் பாடத்தில் வகுப்பதுபோல மனிதரை வகுத்தார்கள். பரீட்சைக்கு இந்த எண்களை நீங்கள் பாடமாக்கி இருப்பீர்கள். ஆனால் அந்த எண் ஒவ்வொன்றும் ஒரு படத்தின் முன்னால் உட்கார்ந்த முகம் என்று யாராவது உங்களுக்குச் சொன்னார்களா? விண்ணப்பத்துக்குப் படம் வேண்டும், பாஸ்போட்டுக்குப் படம் வேண்டும். பிரிவதற்கு முன் ஒன்றாக ஒரு தடவை எடுத்துக்கொள்வோம் என்று எடுத்த படமும் உண்டு. எங்கள் லயத்தில் பல வீடுகளுக்கு முதல் படமும் கடைசிப் படமும் அதுதான். ஒரு பிரதி இங்கே தங்கியது. மற்றது நானுஓயாவில் கோச்சி ஏறி, தலைமன்னாரில் கப்பல் ஏறி, இராமேஸ்வரத்தில் இறங்கி, கூடலூருக்கோ கோத்தகிரிக்கோ இன்னொரு தேயிலை மலைக்குப் போய்ச் சேர்ந்தது. 1984இல் கப்பலும் நின்றது. இரண்டு பிரதிகளும் அதற்குப் பிறகு ஒன்றையொன்று பார்க்கவே இல்லை.

இதைவிட அமானுஷ்யமான கதையை எந்தத் தீவில் போய்த் தேடப் போகிறீர்கள்?

நம்மை வைத்துப் படம் பிடித்த ஒரு பெரிய கலைஞரைப் பற்றியும் சொல்ல வேண்டும். நீங்கள் போனில் வைத்திருந்த படங்களுக்கு நடுவே அவர் எடுத்ததும் ஒன்று இருந்தது, யார் எடுத்தது என்று தெரியாமலே வைத்திருந்தீர்கள். ஜூலியா மார்கரெட் கமரன். உலகப் புகைப்பட வரலாற்றில் முதல் வரிசையில் வைக்கிற பெயர். அவருடைய கணவருக்கு இங்கே கோப்பித் தோட்டங்கள் இருந்தன. 1875இல் இலங்கைக்கு வந்தார், 1879 ஜனவரியில் திக்கோயாவில் இறந்தார். பொகவந்தலாவ சென் மேரிஸ் கோயிலில் அடக்கம். ஹட்டன் பக்கம் சொந்தக்காரர் வீட்டுக்குப் போகிற உங்களுக்கு அது எட்டாத தூரமில்லை. அவர் இங்கே எடுத்த படங்களில் மிஞ்சியிருப்பவை 30க்குள்தான், பல நம் ஆட்களுடைய முகங்கள்.

அழகான படங்கள். நான் அதை மறுக்கமாட்டேன். தமிழ்ப் பெண்ணின் முகத்தில் வெளிச்சம் விழும் விதத்தை அத்தனை மரியாதையோடு பார்த்த வேறு வெள்ளைக்காரர் அந்தக் காலத்தில் இருந்தார்களா என்று எனக்குச் சந்தேகம். ஆனால் அவர் இங்கிலாந்தில் எடுத்த படங்களுக்குப் பெயர் இருக்கிறது. டென்னிசன், டார்வின், ஹெர்ஷல் என்று பெரியவர்களின் பெயர் மட்டுமில்லை, வீட்டு வேலைக்கு இருந்த மேரி ஹில்லியரின் பெயரும் இன்று எல்லா நூல்களிலும் இருக்கிறது. இங்கே எடுத்த நம் ஆட்களின் முகங்களுக்குப் பெயர் இல்லை. களுத்துறையில் எடுத்த ஒரு குழுப் படத்துக்கு அவர் எழுதிய குறிப்பில், சிறுமிக்கு வயது 12 என்று இருக்கிறது, அவளுடைய தகப்பன் என்று சொல்லும் கிழவர் தனக்கு வயது 100 என்கிறார் என்றும் இருக்கிறது. வயதைக் கேட்டவர், உறவைக் கேட்டவர், பெயரைக் கேட்டு எழுதவில்லை. அந்தப் பிள்ளையை நான் அடிக்கடி நினைப்பேன். அவளுக்குப் பொருத்தமான பெயர் வைத்துக் கதை எழுத உங்களால் முடியும். அவளுடைய உண்மைப் பெயரைக் கண்டுபிடிக்க இனி எந்தப் பிறவியிலும் யாராலும் முடியாது.

அந்தக் காலத்தில் பெயர் எங்கே இருந்தது என்றால் செக்ரோலில் இருந்தது, பத்துச்சீட்டில் இருந்தது, கங்காணியின் கடன் கணக்கில் இருந்தது. முகம் எங்கே இருந்தது என்றால் கொழும்பு ஸ்டூடியோக்காரர்கள் விற்ற தபாலட்டையில் இருந்தது. பெயருக்கு முகமில்லை, முகத்துக்குப் பெயரில்லை. இரண்டும் முதன்முதலாகச் சந்தித்த இடம் உங்கள் வீட்டு ட்ரங்குப் பெட்டிதான். நம் தாத்தாமார் தங்கள் சொந்தக் காசைக் கொடுத்து, தாங்கள் விரும்பிய உடுப்பைப் போட்டு, தங்களுக்குப் பிடித்த திரைக்கு முன்னால் நின்ற படங்கள் அவை. கோட்டு இரவலாக இருக்கலாம். ஸ்டூடியோக்காரர் கொடுத்த கைக்கடிகாரமாக இருக்கலாம். மேசையில் வைத்த டெலிபோனுக்கு வயர் இல்லாமல் இருக்கலாம். ஆனால் கூடையில்லாமல், குனியாமல், கமராவை நேராகப் பார்த்து நிற்கிறார்கள். தபாலட்டைகளில் அவர்கள் அப்படி நிற்பது அரிது.

அந்தப் பெட்டிக்குள் என்னவெல்லாம் இருக்கும் என்று எனக்குத் தெரியும். சாவு வீட்டில், சவப்பெட்டியைச் சாய்த்து வைத்து, இறந்தவரைச் சுற்றிச் சொந்தமெல்லாம் நின்று எடுத்த படம் இருக்கும். அழுது வீங்கிய கண்கள் எல்லாம் ஒரே பக்கம் பார்க்கும். கமரா ஆடியதால் ஒரு பிள்ளைக்கு இரண்டு முகம் விழுந்த படம் இருக்கும். காமன் கூத்தில் ரதி வேஷம் கட்டிய ஆணின் படம் இருக்கும், யாரென்று தெரியாமல் உங்கள் அம்மா 'அத்தை' என்று நினைத்துக்கொண்டிருப்பார். ஈரம் பட்டுப் பூஞ்சணம் பிடித்து, கல்யாணப் பெண்ணின் முகத்தை மட்டும் வெள்ளைப் பூ மூடிய படமும் இருக்கும். நம் ஊர்ப் பனி அப்படி. ரிக்ஸின் பிள்ளைகள் எல்லாரும் அந்தப் பெட்டிக்குள் இருக்கிறார்கள்.

கதைக்குப் பேய் வேண்டுமென்றால் அதற்கும் வெளியே கை நீட்ட வேண்டாம். தேயிலை ஸ்டோரில் பெரிய சக்கரத்துக்குக் காவலாக ரோதைமுனி இருக்கிறார், சக்கரம் இன்று கரண்டில் ஓடினாலும் அவருக்குப் பூசை நிற்கவில்லை. கவ்வாத்து வெட்டும்போது கத்தி காலில் படாமல் காக்கக் கவ்வாத்துச் சாமி இருக்கிறார். இவர்களை நம் ஆட்கள் ஊரிலிருந்து கொண்டுவரவில்லை. இங்கே மலையில், இயந்திரத்துக்கும் கத்திக்கும் பயந்து, தாங்களாகவே உண்டாக்கிக்கொண்டார்கள். வேறெந்த நாட்டுப் பிள்ளைக்கு இப்படி ஒரு செல்வம் இருக்கிறது? கந்தப்பளைக்கு ரயில் வந்த கதையும் உங்களில் பலருக்குத் தெரியாது. நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக ராகலைக்கு ஒரு சின்னக் கோச்சி ஓடியது. கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்து, நாற்பதுகளோடு நின்றுபோனது. தண்டவாளம் கழற்றிய இடத்தில் இன்று தேயிலையும் மரக்கறியும் நிற்கின்றன. பனி இறங்கிய ஒரு இரவில் அந்தக் கோச்சி மறுபடி வந்து நின்றால், அதிலிருந்து யார் இறங்குவார்கள்? என் வயதுக்கு இதை எழுத வராது. உங்களுக்கு வரும்.

ரிக்ஸின் நாவலில் ஒரே நாள், 1940 செப்டெம்பர் 3, குண்டு விழுவதற்கு முன்னால் திரும்பத் திரும்ப வரும் இல்லையா? அதை அப்படியே எடுத்து வைத்துக்கொள்ளாதீர்கள், அது அவர்களுடைய போரிலிருந்து வந்தது. கதை சொல்லும் பையன் ஜேக்கப்பின் தாத்தா போலந்திலிருந்து தப்பி வந்த யூதப் பிள்ளை. அவருடைய குடும்பத்தைக் கொன்றவர்களை நினைத்துத்தான் அந்தப் பூதங்களும், அந்தத் தீவும், முடியாத அந்த நாளும் வந்தன. நம் ஆட்கள் கோச்சி ஏறிய விடியற்காலையில் உங்கள் தோட்டத்தில் எந்த நாள் நின்றுபோனது என்று நீங்கள்தான் கேட்டு அறிய வேண்டும். அந்த நாவலில் என் நெஞ்சை அடைத்தது வேறு ஒன்று. தாத்தா சுருட்டுப் பெட்டியிலிருந்து படங்களை எடுத்துக் காட்டுகிறார், பேரன் சின்ன வயதில் நம்புகிறான், கொஞ்சம் வளர்ந்ததும் எல்லாம் பொய் என்று தள்ளிவிடுகிறான். உண்மை தெரிய வரும்போது தாத்தா இல்லை. கேட்க வேண்டியதை எல்லாம் கேட்காமல் விட்ட ஒரு பேரன், கடல் தாண்டி ஒரு தீவுக்குப் போய்த் தாத்தாவைத் தேடுகிறான். நான் அந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே போய் நின்றேன்.

நீங்கள் இன்னும் அந்தப் பேரன் ஆகவில்லை. உங்கள் தாத்தா, அப்பாயி, அம்மாயி இன்னும் வெயிலுக்கு இஸ்தோப்பில் வந்து உட்காருகிறார்கள். ஆனால் லயத்தில் எதுவும் நிரந்தரமில்லை என்று உங்களுக்கே தெரியும். ஒரு காம்பராவில் நெருப்புப் பிடித்தால் வரிசை முழுவதும் போகும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மீரியபெத்தையில் மலை சரிந்தபோது லயங்களே மண்ணுக்குள் போயின. மனிதரோடு அவர்களுடைய படங்களும் போயின. மிஞ்சிய பிள்ளைகளுக்குத் தாயின் முகம் காட்ட ஒரு படம் கிடைத்ததா என்று அன்றிலிருந்து யோசிக்கிறேன்.

ஆகவே நான் உங்களிடம் கேட்பது இது.

கதையை இந்த டிசம்பர் விடுமுறையில் எழுதாதீர்கள். முதலில் பெட்டியைத் திறவுங்கள். வீட்டில் மூத்தவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஒவ்வொரு படமாகக் கையில் கொடுத்து, யார் என்று கேளுங்கள். அவர் அழுதால் நிறுத்துங்கள், மறுநாள் கேளுங்கள். பெயர் சொல்லக் கூச்சப்பட்டால் என்னைப்போல விளையாடப் போய்விடாதீர்கள். எந்தச் சாமி, எந்த மலை, எந்த மரம் என்று நூல் பிடித்துக்கொண்டே போங்கள். பக்கத்து வீட்டுக் கிழவிக்கு அவர் மூத்தாராக இருக்கமாட்டார், அவளிடம் கேட்டால் பட்டென்று சொல்லிவிடுவாள். கூப்பிட்ட பெயர் ஒன்று, பதிந்த பெயர் ஒன்று இருக்கும். கணக்கப்பிள்ளை காதில் விழுந்தபடி எழுதியதால் முத்தாயி முத்தையாவாக ஆன கதையெல்லாம் உண்டு. இரண்டையும் எழுதுங்கள். எந்தத் தோட்டம், எந்த லயம், எந்த வருடம் என்றும் எழுதுங்கள். வருடம் தெரியாவிட்டால் எந்தத் தேர்தலுக்கு முன், யார் கல்யாணத்துக்குப் பின் என்று எழுதினால் போதும்.

பின்பக்கத்தில் மெல்லிய பென்சிலால், அழுத்தாமல், ஓரமாக எழுதுங்கள். பேனா வேண்டாம், மை முன்பக்கம் ஊறி வந்துவிடும். செல்லோடேப் ஒட்டாதீர்கள், லெமினேட் பண்ணாதீர்கள். கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட படத்தைப் பிடுங்கினால் முகம் கண்ணாடியோடு போய்விடும், அதை அப்படியே வைத்துப் பகல் வெளிச்சத்தில் போனால் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். அடுப்புப் புகை படாத இடத்தில், தாள் உறையில் போட்டு வையுங்கள். பெட்டி உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும். யாராவது வந்து 'கொடுங்கள், நாங்கள் பத்திரமாக வைக்கிறோம்' என்று கேட்டால் அசலைக் கொடுக்காதீர்கள், பிரதி கொடுங்கள். 2005இலிருந்து நம் நூல்களையும் ஆவணங்களையும் இணையத்தில் சேர்த்துவரும் நூலகம் நிறுவனம் இருக்கிறது. கம்பளைப் பக்கத்தில் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் இருக்கிறது. பிரதிகளைக் கொடுக்க விரும்பினால் உங்களோடு நானும் வருகிறேன். சி.வி.வேலுப்பிள்ளை தோட்டம் தோட்டமாகக் கேட்டு நம் பாட்டுக்களைச் சேர்க்காமல் விட்டிருந்தால் இன்று எத்தனை பாட்டு மிஞ்சியிருக்கும்? பாட்டுக்கு அவர் செய்ததைக் கந்தப்பளையின் படங்களுக்கு நீங்கள் செய்யுங்கள்.

அடுத்தது அனுமதி. ரிக்ஸின் படத்தில் இருந்தவர்களுக்காக மனம் நோக யார் மிஞ்சியிருந்தார்கள் என்று தெரியாது. நம் படங்களில் இருப்பவர்களுக்கு மகன் இருக்கிறார், பேத்தி இருக்கிறாள். சின்னத்தாயி ஆச்சியின் படத்தைப் பேயாகப் போட்டால், அவளுடைய மகள் அதை நாளைக்குப் பெரட்டில் யாருடைய போனிலாவது பார்ப்பாள். வீட்டாரிடம் சொல்லிக் கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். கூடலூரிலும் கோத்தகிரியிலும் சொந்தம் இருந்தால், இப்போது போன் இருக்கிறது, படத்தை அனுப்பிக் கேளுங்கள். மறுபாதிப் படம் அங்கிருந்து வரக்கூடும்.

இத்தனையும் முடிந்த பிறகு எழுதுங்கள். எவ்வளவு பயங்கரமாக வேண்டுமானாலும் எழுதுங்கள், நான் ஒரு வரியையும் மழுப்பச் சொல்லமாட்டேன். பெயர் தெரிந்த ஒருவரைப் பற்றி எழுதும்போது உங்கள் கை தானாக நிதானப்படும். அவரை வெறும் பயங்காட்டும் பொம்மையாக நிறுத்த மனம் வராது. அவருக்கு ஒரு ஆசை கொடுப்பீர்கள், ஒரு கோபம் கொடுப்பீர்கள், எதற்காகத் திரும்பி வருகிறார் என்று ஒரு காரணம் கொடுப்பீர்கள். அந்தக் கதையைத் திருத்தித் தர நான் காத்திருக்கிறேன்.

தைப்பொங்கலுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, பெயர் எழுதிய படங்களோடு என் வீட்டுக்கு வாருங்கள். ஒருவர் ஒரு படம் கொண்டுவந்தாலும் போதும். வரமுடியாத மூத்தவர்களை நாம் போய்ப் பார்ப்போம்.

இந்த மடலோடு எங்கள் வீட்டுப் படத்தின் பிரதியையும் வைத்திருக்கிறேன். நாற்காலியில் இருக்கும் தாத்தாவின் பெயரையும், அப்பாயியின் பெயரையும், மூன்று பிள்ளைகளின் பெயரையும் பின்னால் எழுதிவிட்டேன். பின்வரிசையில் நிற்பவருக்கு நேரே இடம் விட்டிருக்கிறேன். எழுபதுகளில் குடும்பத்தோடு இந்தியாவுக்குப் போனவர், தப்பு நன்றாக அடிப்பாராம், இடது கையில் பச்சை குத்தியிருந்ததாம். அந்தக் கோட்டையோ அந்தக் கையையோ அடையாளம் தெரிந்த ஒரு கிழவர் உங்கள் லயத்தில் இருக்கலாம். படத்தை அவரிடம் காட்டுங்கள். அவர் என்ன பெயர் சொன்னாலும், ஒரு துண்டுத் தாளில் எழுதி எனக்குக் கொடுத்தனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்
கந்தப்பளை